பலகை முதலா, சட்டம் முதலா? மரக்கப்பல் மாதிரிகள் தீர்த்துவைத்த ஒரு வரலாற்றுக் கேள்வி

மரக்கப்பலின் உடலுக்குப் பலகை பொருத்துவது கப்பல் தச்சின் மையமான வேலை. மாதிரிக் கப்பல் செய்பவர்களுக்கு அதுவே மிகக் கடினமான கட்டம். இந்த வேலையை இரண்டு வரிசையில் செய்யலாம். ஏரா எனப்படும் அடிக்கட்டையின்மேல் வங்குகளை (விலா எலும்பு போன்ற சட்டங்களை) முதலில் நிறுத்தி, அவற்றின்மேல் பலகைகளை அடிப்பது ஒரு முறை. ஏராவிலிருந்து பலகையோடு பலகையைச் சேர்த்து முழுக் கூட்டையும் எழுப்பி, அதன் பிறகு உள்ளே வங்குகளை வைப்பது மற்றொரு முறை. முன்னதைச் சட்டம் முதல் முறை என்றும் பின்னதைக் கூடு முதல் முறை என்றும் இக்கட்டுரை அழைக்கிறது.

இன்று கடைகளில் விற்கும் மாதிரிக் கப்பல் தொகுப்புகள் பெரும்பாலும் சட்டம் முதல் முறையைச் சேர்ந்தவை. ஒட்டுப்பலகையில் வெட்டிய குறுக்குத் தடுப்புகளை நிறுத்தி அவற்றின்மேல் மெல்லிய மரக்கீற்றுகளை ஒட்ட வேண்டும். இதைச் செய்து பழகியவருக்குக் கப்பல் என்றாலே எலும்புக்கூடு முதலில், தோல் பிறகு என்று தோன்றும். கப்பல் வரலாற்று அறிஞர்கள் பலருக்கும் நெடுங்காலம் அப்படித்தான் தோன்றியது. பண்டைய மத்தியதரைக் கடல் கப்பல்கள் நேர்மாறாகக் கட்டப்பட்டவை என்பதைத் துல்லியமாகக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஒரு மின்பணியாளர். ஓய்வு நேரத்தில் மாதிரிக் கப்பல் செய்தவர் அவர்.

பலகை ஏன் சொன்னபடி கேட்பதில்லை

நேரான ஒரு பலகையைக் கப்பலின் உடலில் அப்படியே வளைத்து ஒட்ட முடியாது. கப்பலின் பக்கம் நீளவாக்கிலும் உயரவாக்கிலும் ஒரே நேரத்தில் வளைகிறது. நடுப்பகுதியில் ஏராவிலிருந்து மேல்விளிம்புவரை அளக்கும் நீளம் அதிகம். முன்முனையில் அது குறைவு. நடுவில் இருபது பலகை வரிசைகள் இருந்தால் அதே இருபதும் முன்முனையின் குறுகிய இடத்துக்குள் அடங்க வேண்டும். எனவே ஒவ்வொரு பலகையும் முனையை நோக்கிச் சிறுத்துச் செல்ல வேண்டும். பின்பகுதியில் சில இடங்களில் நீளம் மீண்டும் கூடும். அங்கே இரு வரிசைகளுக்கு நடுவே ஆப்பு வடிவத் துண்டுகளைச் செருகுவார்கள்.

இந்தக் கணக்கைச் செய்யாமல் கீற்றுகளை ஒட்டத் தொடங்குபவர்களுக்கு ஐந்தாறு வரிசைகளில் தவறு தெரிந்துவிடும். பலகையின் ஒரு விளிம்பு எழும்பி நிற்கும், அல்லது முன்முனையில் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மரத்தை வெந்நீரில் ஊறவைத்தோ சூட்டில் வளைத்தோ ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் மரம் ஒரு திசையில் எளிதாக வளையும். பக்கவாட்டில் வளைய மறுக்கும். காகிதத்தில் வரைந்த கோட்டை எந்த வடிவத்திலும் வளைத்துவிடலாம், மரத்தை அப்படி வளைக்க முடியாது. ஆய்வுக் கருவியாக மாதிரிக் கப்பலுக்கு இருக்கும் மதிப்பு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது.

ஆய்வுக்கு முந்தைய மாதிரிகள்

மாதிரிக் கப்பல்கள் ஆய்வுக்காகத் தோன்றியவை அல்ல. எகிப்தியக் கல்லறைகளில் இறந்தவரோடு வைக்கப்பட்ட படகுகளும், ஐரோப்பியத் தேவாலயங்களில் நேர்த்திக்கடனாகத் தொங்கவிடப்பட்ட கப்பல்களும் வழிபாட்டுப் பொருட்கள். அவற்றுள் கட்டலோனியாவின் மட்டாரோ ஊரின் பெயரால் அறியப்படும் 15ஆம் நூற்றாண்டு மாதிரி புகழ்பெற்றது. இப்போது நெதர்லாந்தின் ரோட்டர்டாம் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளது. உண்மைக் கப்பலைப் போலவே ஏரா, வங்கு, பலகை என்று கட்டப்பட்டதால், கொலம்பஸ் காலத்துக்கு முந்தைய கப்பல்களைப் பற்றி அறிய அது அரிய சான்றாகிறது.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கடற்படை வாரியத்துக்காகச் செய்யப்பட்ட மாதிரிகள் இன்னொரு வகை. அவற்றில் நீர்மட்டத்துக்குக் கீழே பலகையே பொருத்தாமல் வங்குகளைத் திறந்து காட்டுவது வழக்கம். பார்க்க மிக அழகானவை. எனினும் கப்பலின் கருத்தே சட்டத்தில்தான் இருக்கிறது, பலகை வெறும் போர்வை என்ற எண்ணத்தை அவை பார்ப்பவர் மனத்தில் ஊன்றின. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்கு அந்த எண்ணம் ஏறக்குறைய சரி. அதையே கிரேக்கர்களுக்கும் ரோமர்களுக்கும் பொருத்திப் பார்த்தபோதுதான் பிழை வந்தது.

யாஸி அடா: ஒரு மாதிரியும் எஞ்சிய மரத்துண்டுகளும்

பண்டைய பலகைகள் விளிம்போடு விளிம்பு பிணைக்கப்பட்டவை என்பது முன்பே தெரிந்திருந்தது. இத்தாலியின் நேமி ஏரியை வடித்து 1928 முதல் 1932 வரை வெளிக்கொணர்ந்த பேரரசர் கலிகுலாவின் இரு பெருங்கப்பல்களில் அந்தப் பிணைப்பு தெளிவாகவே இருந்தது. அடுத்தடுத்த இரு பலகைகளின் விளிம்புகளில் எதிரெதிராகக் குழி வெட்டி, ஒரு தனி மரநாக்கின் பாதியை ஒரு குழியிலும் மறுபாதியை மற்றதிலும் இறக்கி, நாக்கு நழுவாமல் இருக்க இருபுறமும் மரஆணி அடிப்பார்கள். நேமி கப்பல்கள் 1944இல் போரின்போது எரிந்து அழிந்தன. அந்தப் பிணைப்பு கட்டும் வரிசையைப் பற்றி என்ன சொல்கிறது, அது எப்போது, எப்படிக் கைவிடப்பட்டது என்ற கேள்விகள் எஞ்சின.

துருக்கிக் கரையோரத் தீவான யாஸி அடாவின் அருகே மூழ்கிய 7ஆம் நூற்றாண்டு பைசாந்தியச் சரக்குக் கப்பலைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் பாஸ் 1961 முதல் 1964 வரை அகழ்ந்தார். சுமார் 900 சாடிகள், பேரரசர் ஹெராக்ளியஸ் காலத்து நாணயங்கள், கப்பல் தலைவரின் பெயர் பொறித்த துலாக்கோல் ஆகியவை கிடைத்தன. கப்பலின் மரம் மட்டும் மிகக் குறைவாகவே எஞ்சியிருந்தது. துண்டுகள் நீரோட்டத்தில் மிதந்து போய்விடாமல் இருக்க, கூர்மையாக்கிய சைக்கிள் கம்பிகளால் அவற்றைக் கடல்தரையோடு குத்தி நிறுத்தினார்கள். ஆணித்துளைகளையும் வெட்டுத் தடங்களையும் அளந்து, கப்பலின் வடிவத்தைக் காகிதத்தில் மீட்டவர் ஃபிரெடெரிக் வான் டூர்னின்க்.

இந்த அகழ்வைப் பற்றி இதழில் படித்த ரிச்சர்ட் ஸ்டெஃபி, பாஸைத் தொடர்பு கொண்டு அந்தக் கப்பலுக்கு மாதிரி செய்துதர முன்வந்தார். பென்சில்வேனியாவின் டென்வர் என்ற சிற்றூரில் மின்பணி செய்துவந்தவர். தொல்லியலில் பட்டம் எதுவும் இல்லாதவர். பாஸ் அந்த உதவியை ஏற்றது அவருடைய பெருந்தன்மை மட்டுமல்ல, அவருக்கு அப்போது தேவைப்பட்டதும் அதுதான். வரைபடம் சொன்னதை மரத்தில் செய்து பார்த்தபோது சில இடங்களில் பலகை பொருந்த மறுத்தது. மரம் மறுத்த இடங்களில் வரைபடம் திருத்தப்பட்டது. திருத்திய வடிவம் 1982இல் வெளியான அகழ்வு அறிக்கை நூலில் ஸ்டெஃபியின் பெயரிலேயே ஓர் அத்தியாயமாக இடம்பெற்றது.

கிடைத்த முடிவு எதிர்பாராதது. நீர்மட்டம்வரை பலகைகள் விளிம்போடு விளிம்பு நாக்குகளால் இணைக்கப்பட்டிருந்தன. ஆனால் நாக்குகள் சிறியவை, குழிக்குள் தளர்வாக அமர்ந்தவை, மரஆணி அடிக்கப்படாதவை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பல இடங்களில் அரை மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல் இடைவெளி. அவை பலகையைத் தாங்கவில்லை. கட்டும்போது வரிசை பிசகாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே உதவின. நீர்மட்டத்துக்கு மேலே அதுவும் இல்லை: வங்குகளை நிறுத்தி, பலகைகளை இரும்பு ஆணியால் அறைந்திருந்தார்கள். கீழ்ப்பாதி ஒரு காலத்தையும் மேல்பாதி இன்னொரு காலத்தையும் சேர்ந்தது போன்ற கப்பல் அது.

கைரீனியா: தளபாடம் போல ஒரு கப்பல்

சைப்ரஸின் கைரீனியா நகரத்தை ஒட்டிய கடலில், சுமார் 30 மீட்டர் ஆழத்தில், முழுக்குநர் ஆன்ட்ரியாஸ் கரியோலு 1965இல் சாடிகளின் குவியல் ஒன்றைக் கண்டார். மைக்கேல் கட்சேவ் தலைமையில் 1960களின் இறுதியில் நடந்த அகழ்வில், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டு நெடுங்காலம் ஓடிய ஒரு கிரேக்க வணிகக் கப்பல் வெளிப்பட்டது. சுமார் 14 மீட்டர் நீளம். சுமார் 400 சாடிகள், ஆட்டுக்கற்களுக்கான கல்தொகுதி, ஆயிரக்கணக்கான பாதாம் பருப்புகள். நான்கு கோப்பைகளும் நான்கு கரண்டிகளும் கிடைத்ததால் மாலுமிகள் நால்வர் என்று கணித்தனர். வரலாற்றாளர்களுக்குப் பெரிய பரிசு மரம்தான்: உடலில் பாதிக்கும் மேல் எஞ்சியிருந்தது.

1970களின் தொடக்கத்தில் ஸ்டெஃபி தம் தொழிலை விட்டுக் குடும்பத்தோடு கைரீனியாவுக்குப் போனார். நடுவயதில், நிலையான வருமானத்தை விட்டு, அதுவரை யாரும் செய்யாத ஒரு வேலைக்காகப் போனவர் அவர். கோட்டைக்குள், பாலிஎதிலீன் கிளைக்கால் ஊட்டிப் பதப்படுத்திய ஆயிரக்கணக்கான மரத்துண்டுகளை மீண்டும் கப்பலாக்க வேண்டியிருந்தது. நேரடியாக உண்மைத் துண்டுகளில் கைவைக்காமல், அவற்றின் சிறுவடிவ நகல்களைச் செய்து பொருத்திப் பார்த்தார். ஒரு மாதிரி தவறினால் கலைத்துவிட்டு அடுத்தது. எகிப்தில் 1954இல் கண்டெடுக்கப்பட்ட கூஃபு மன்னனின் படகை மீண்டும் இணைத்த அகமது யூசுப் முஸ்தபாவும் இதே வழியில்தான் சென்றார். 1224 துண்டுகளைக் கொண்ட அந்தப் படகைத் தொடுமுன் மாதிரிகளைச் செய்தார், நைல் கரைத் தச்சர்களிடம் பாடமும் கேட்டார்.

கைரீனியா கப்பலின் பலகை விளிம்புகளில் சுமார் 12 செ.மீ.க்கு ஒன்று என்ற அடர்த்தியில் நாக்குகள் இருந்தன. ஒவ்வொன்றும் குழியில் இறுக்கமாக அமர்ந்து இருபுறமும் மரஆணியால் பூட்டப்பட்டிருந்தது. இவற்றில் பல மரஆணிகள் வங்குகளுக்கு அடியில் மறைந்திருந்தன. வங்கு முதலில் இருந்திருந்தால் அந்த ஆணியை உள்ளிருந்து அடிக்க வழியே இல்லை. வரிசை எது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை. வங்குகள் ஏராவோடு பிணைக்கப்படவும் இல்லை. பலகைக் கூட்டோடு மட்டும் அவற்றைச் செம்பு ஆணிகளால் இணைத்திருந்தார்கள். பலகையில் மரஆணி ஒன்றைச் செலுத்தி, அதன் நடுவே செம்பு ஆணியை அறைந்து, உள்ளே வெளிவந்த முனையை வளைத்து மீண்டும் வங்குக்குள் மடக்கி அடிப்பார்கள். இங்கே கப்பலின் வலிமை கூட்டில் இருந்தது. வங்கு துணைக்கு வந்தது.

கப்பலின் வடிவத்தைத் தீர்மானித்தது வரைபடமோ சட்டமோ அல்ல, ஒவ்வொரு பலகையையும் வாய்ச்சியால் செதுக்கிய தச்சனின் கண்தான். தடித்த மரத்திலிருந்து வளைந்த பலகையைச் செதுக்கி எடுப்பதால் மரத்தின் பெரும்பகுதி சீவலாகப் போகும். வீட்டுக்கு ஓர் அலமாரி செய்யும் நுணுக்கத்தோடு கடலுக்கு ஒரு கப்பல் செய்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

மாதிரிகளில் கற்றதைச் சோதிக்க முழு அளவுக் கப்பல் ஒன்றைக் கட்ட முடிவானது. கிரீஸின் பெராமாவில், மனோலிஸ் ப்சாரோஸின் பட்டறையில் 1982 முதல் 1985 வரை ‘கைரீனியா 2’ உருவானது. சட்டம் நிறுத்திப் பலகை அடிக்கும் மரபில் வளர்ந்த தச்சர்கள், தங்கள் கை பழகிய வரிசையைத் தலைகீழாக்கி வேலை செய்ய வேண்டியிருந்தது. கப்பல் 1986இல் கிரீஸிலிருந்து சைப்ரஸுக்குப் பாய்விரித்துச் சென்று, மறு ஆண்டு திரும்பியது. மூலக் கப்பல் இன்றும் கைரீனியா கோட்டையில் உள்ளது. 1974 போருக்குப் பின் தீவு பிளவுபட்டதால் அந்தக் கோட்டை வடபகுதியில் இருக்க, கப்பலின் உருவம் தென்பகுதியிலுள்ள சைப்ரஸ் குடியரசின் 10, 20, 50 யூரோ சென்ட் நாணயங்களில் இருக்கிறது.

செர்ச்சே லிமானி: நாக்கு இல்லாத பலகைகள்

துருக்கியின் செர்ச்சே லிமானி விரிகுடாவில் 1977 முதல் 1979 வரை அகழப்பட்ட கப்பல் சுமார் கி.பி. 1025ஐச் சேர்ந்தது. உருக்கி மறுபடி பயன்படுத்துவதற்காக ஏற்றப்பட்ட சுமார் 3 டன் கண்ணாடி அதில் இருந்ததால் ‘கண்ணாடிக் கப்பல்’ என்று அழைக்கப்படுகிறது. உடலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கே எஞ்சியிருந்தது. மாதிரிகளின் துணையோடு ஸ்டெஃபி அதையும் மீட்டார். இப்போது போத்ரும் நீரடித் தொல்லியல் அருங்காட்சியகத்தில் அதைக் காணலாம்.

இக்கப்பலின் பலகை விளிம்புகளில் ஒரு நாக்குகூட இல்லை. ஏராவை அமைத்து, நடுப்பகுதியில் சில வங்குகளை நிறுத்தி, சில பலகைகளை அடித்து, மீதி வங்குகளை வைத்து, மீண்டும் பலகை அடித்திருக்கிறார்கள். வங்குகளின் வடிவத்தை எளிய அளவு விதிகளைக் கொண்டு முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். கப்பலின் உருவம் பலகைத் தச்சனின் கையிலிருந்து, வங்கின் வளைவைக் கணக்கிடும் தலைமைத் தச்சனின் கைக்கு மாறிவிட்டது. 1430களில் ரோட்ஸ் தீவைச் சேர்ந்த மைக்கேல் வெனிஸில் எழுதிய கையெழுத்துநூலில் இந்த விதிகள் அளவுகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன. கூடு முதல் முறையில் அப்படி எழுதி வைக்கக்கூடியது மிகச் சொற்பம்.

ஏன் மாறினார்கள்

கூடு முதல் கப்பல் கசியாதது, உறுதியானது. இருந்தும் அது ஏன் கைவிடப்பட்டது? மரமும் தேர்ந்த உழைப்பும் அதில் மிகுதியாகச் செலவாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஆயிரக்கணக்கான குழிகளையும் நாக்குகளையும் வெட்ட ஒரு பட்டறை முழுவதும் திறமையான தச்சர்கள் வேண்டும். சட்டம் முதல் முறையில் வங்கை வடிவமைக்க ஒருவருக்குத் தெரிந்தால் போதும், மற்றவர்கள் ஆணி அடிக்கலாம். அரசும் பெருஞ்செல்வரும் கப்பல் கட்டிய காலம் போய், சிறு வணிகர்கள் பங்கு சேர்ந்து கட்டிய காலம் வந்தபோது மலிவான முறை வென்றது என்பது ஏற்கத்தக்க விளக்கமே.

ஆனால் இதை முன்னேற்றம் என்று மட்டும் எழுதுவது ஒருதலையானது. பழுதுபார்ப்பு எளிதானது, பெரிய கப்பல்களைக் கட்ட வழி பிறந்தது, உண்மை. அதே வேளையில், பலகையின் இடுக்குகளைப் பிணைப்பு அடைத்திருந்த இடத்தில் இப்போது நார் திணித்துக் கலப்பத்து அடிக்க வேண்டியதாயிற்று. அந்த வேலை கப்பலின் ஆயுள் முழுவதும் தொடர்ந்தது. திறமை சிலரிடம் குவிந்தபோது, பலகை பொருத்தும் தச்சன் வெறும் கூலியாளாகவும் ஆனான்.

தமிழகக் கரையில் இரு வழிகளும்

இந்த இரு முறைகளும் மத்தியதரைக் கடலுக்கு மட்டும் உரியவை அல்ல. சோழமண்டலக் கரையின் மசூலா படகு கூடு முதல் முறையின் தூய வடிவம் எனலாம். பலகைகளின் விளிம்புகளில் துளையிட்டு, தென்னை நார்க்கயிற்றால் தைத்து, உள்ளே வங்கே இல்லாமல் அதைக் கட்டினார்கள். அலை அடித்தால் உடல் நெகிழ்ந்து கொடுக்கும். துறைமுகம் கட்டப்படுவதற்கு முந்தைய சென்னையில் கப்பலிலிருந்து கரைக்கு வந்த ஆட்களும் சரக்கும் இந்தப் படகுகளில்தான் அலையைக் கடந்தனர். இரும்பு ஆணி அடித்த ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் நொறுங்கக்கூடியவை.

பாக்கு நீரிணைக் கரையின் வத்தை இதற்கு எதிர்முனை. அதில் வங்குகள் முதலில் நிற்கின்றன. மூத்த தச்சர்கள் வங்குகளின் வளைவுகளை ஒரு பலகையில் கீறி வைத்து, படகின் நீளத்துக்கு ஏற்ப அவற்றை மாற்றி எடுக்கிறார்கள். 1990களில் இதைக் களத்தில் ஆராய்ந்த ஷான் மெக்ரெய்ல், லூசி புளூ, எரிக் கென்ட்லி ஆகியோர், இந்த முறை இடைக்கால வெனிஸ் தச்சர்களின் விதிகளை ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டினர். ஒரே மாநிலத்தின் கரையில் இரு முறைகளும் வாழ்ந்திருப்பதால், ஒன்று போய் மற்றொன்று வந்தது என்று கோடு கிழிப்பது இங்கே செல்லாது.

பிந்தைய திருத்தங்கள்

கைரீனியா, யாஸி அடா, செர்ச்சே லிமானி ஆகிய மூன்றையும் வரிசையில் வைத்தால் கூட்டிலிருந்து சட்டத்துக்கு நேராக இறங்கும் படிக்கட்டு போலத் தெரியும். பாடநூல்களும் நெடுங்காலம் அப்படியே சொல்லின. பிறகு இஸ்ரேலின் தோர் அருகிலுள்ள தந்தூரா கடற்காயலில் கிடைத்த கப்பல்கள் அந்தப் படிக்கட்டைக் கலைத்தன. அவற்றுள் கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சில கப்பல்களில் பலகை விளிம்புகளில் நாக்கே இல்லை. யாஸி அடா கப்பலுக்கு நூறாண்டு முன்பே சட்டத்தை நம்பிக் கட்டியவர்கள் இருந்திருக்கிறார்கள். மாற்றம் ஓரிடத்தில் தொடங்கிப் பரவியதல்ல. வெவ்வேறு கரைகளில் வெவ்வேறு வேகத்தில் நடந்தது என்பதே இப்போது பரவலாக ஏற்கப்படும் கருத்து.

ஸ்டெஃபியின் கால வரிசை இப்படித் திருத்தப்பட்டாலும் அவருடைய செய்முறை நிலைத்தது. பாஸும் கட்சேவும் அவரும் சேர்ந்து 1973இல் தொடங்கிய கடல்சார் தொல்லியல் நிறுவனம், பின்னர் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கே அவர் ஆசிரியரானார், மாதிரி செய்வதைப் பாடமாகவே கற்பித்தார். 1985இல் மெக்ஆர்தர் நல்கை பெற்றார். மரக்கப்பல் கட்டுமானத்தையும் மூழ்கிய கப்பல்களின் சான்றுகளை வாசிக்கும் முறையையும் பற்றிய அவருடைய பெருநூல் 1994இல் வெளிவந்தது. அவர் 2007இல் மறைந்தார். இன்று துண்டுகளைக் கணினியில் முப்பரிமாணமாக வருடி இணைக்கிறார்கள். எனினும் அந்த வடிவத்தை அச்சிட்டோ செதுக்கியோ கையில் எடுத்து, மெல்லிய கீற்றை அதன்மேல் வளைத்துப் பார்க்கும் வழக்கம் கைவிடப்படவில்லை. பக்கவாட்டில் வளைய மறுக்கும் மரத்தின் குணத்தைத் திரை தானாகக் காட்டிவிடாது.